நிறம் அருமை, தமிழ் எழுத்துதான் இடறுகிறது

கோவை பி.ஆர். (மக்கள் தொடர்பு) நிறுவனம் ஒன்றின் புது லோகோ பளிச்சென்று இருக்கிறது. அடர்நீலம், ஆரஞ்சு என இரண்டே நிறம்; லெட்டர்ஹெட் அச்சுச் செலவு அடங்கும். வெக்டர் கோப்பும் (புள்ளிகளாக அல்லாமல் கோடுகளாகச் சேமித்த வடிவம்) உண்டு, எவ்வளவு பெரிய ஃப்ளெக்ஸானாலும் உடையாது.

சிக்கல் தமிழில். ஆங்கிலப் பெயர் தடிமனாக நிற்க, தமிழ் மெல்லிய கோட்டில் ஒடுங்கிக் கிடக்கிறது. பத்திரிகைக் குறிப்பின் தலைப்புக்காக 15 மி.மீ. அகலத்துக்குச் சுருக்கினால் பெயரில் வரும் 'ணை'யின் சுழிகள் அடைத்துக்கொள்கின்றன. திருப்பூரில் டி-ஷர்ட்டுக்கு எம்பிராய்டரி போட்டால் இன்னும் மோசம், 1 மி.மீ.க்குக் குறைந்த கோடு தையலில் சுத்தமாக விழாது. தமிழுக்கு ஒரு படி தடித்த எழுத்து கட்டாயம் வேண்டும். சின்ன அளவுக்கு, எழுத்தில்லாமல் சின்னம் மட்டும் போதும்.

லோகோ பயன்பாட்டுக் கையேட்டில் ஆர்.ஜி.பி. (திரைக்கான நிறக் கணக்கு) மதிப்பு மட்டும்தான். திரையில் மின்னும் ஆரஞ்சு ஆஃப்செட் அச்சில் மங்கும், அச்சு மைக்கான சி.எம்.ஒய்.கே., பான்டோன் நிற எண்களையும் சேர்க்க வடிவமைப்பாளரிடம் சொல்லுங்கள்.