கம்பி நகைக்கு எந்தக் கம்பி: கேபிள் செம்பா, வைண்டிங் செம்பா?

ஹட்டனிலோ பண்டாரவளையிலோ வீட்டில் இருந்தபடி கம்பி நகை செய்யத் தொடங்குகிறவருக்குச் செம்பு இரண்டு இடத்தில் கிடைக்கும். ஹாட்வெயார் கடையில் வீட்டு வயரிங் கேபிளை மீற்றர் கணக்கில் வெட்டித் தருவார்கள். மோட்டருக்குச் சுருள் சுற்றும் வைண்டிங் கடையில் எனாமல் என்ற மெல்லிய மின்காப்புப் பூச்சுப் பூசிய கம்பியை நிறுத்துத் தருவார்கள். உள்ளே இருப்பது ஒரே செம்புதான். ஆனால் குறட்டுக்கு வளைந்து கொடுப்பதிலும் மலைநாட்டு ஈரத்தில் நிறம் மாறுவதிலும் இரண்டும் ஒன்றல்ல.

கடைக்குப் போகுமுன் ஒரு விஷயம். கம்பியின் தடிப்பைக் குறிக்கும் கேஜ் எண்ணைச் சொல்லி வாங்காதீர்கள், மி.மீ. கேளுங்கள். அமெரிக்கச் செய்முறையில் 20 கேஜ் என்றால் 0.81 மி.மீ. அதே 20 பிரித்தானிய அளவில் 0.91 மி.மீ. காதுத் துளைக்குள் போகவேண்டிய கம்பிக்கு இந்த 0.1 மி.மீ. சின்ன வித்தியாசமல்ல.

கேபிளின் மேலே 7/0.67 என்று அச்சிட்டிருந்தால், 0.67 மி.மீ. இழை ஏழு உள்ளே முறுக்கியிருக்கிறது என்று அர்த்தம். ஒரு மீற்றர் வாங்கினால் ஏழு மீற்றர் நகைக் கம்பி. 1/1.13 என்பது 1.13 மி.மீ. ஒற்றைக் கம்பி, காப்புக்கும் பதக்கத்தின் வெளிச் சட்டத்துக்கும் அது போதும். வயரிங் வேலை முடிந்த வீட்டில் மிஞ்சிய துண்டுகளும் நல்லவையே. சுவரில் பொருத்திய எந்த வயரிலும் கை வைக்கக் கூடாது.

பிளேடைச் சாய்த்துப் பிடித்து, உடம்புக்கு எதிர்ப்புறமாகத் தள்ளிக் கீறினால் மேலுறை நீளத்துக்கு உரியும். பிளேடு செம்பில் பட்டுக் கீறல் விழுந்தால் அந்த இடத்தை வெட்டி எறிந்துவிடுங்கள், பிறகு கம்பி முறிவது அங்கேதான். முறுக்கில் கிடந்த இழைகள் நெளிநெளியாக வரும். ஒரு நுனியை ஜன்னல் கம்பியில் இரண்டு சுற்றுச் சுற்றி, மறு நுனியைக் குறட்டால் பிடித்துச் சீராக இழுக்க வேண்டும். கம்பி லேசாக நீண்டு கொடுப்பது கைக்குத் தெரியும், அத்தோடு நிறுத்துங்கள். நெளிவு போகும், கொஞ்சம் விறைப்பும் ஏறும். அந்த விறைப்பு அவசியம். கேபிள் செம்பு தொழிற்சாலையிலேயே சூடாக்கி இளக்கப்பட்டது. உரித்த கையோடு கொக்கி வளைத்தால் போட்டுக் கழற்றுவதிலேயே விரிந்துவிடும்.

வைண்டிங் கம்பிக்கு இந்தப் பாடு இல்லை. உருளையிலிருந்து நேராக வரும், மெல்லிய அளவுகளும் கிடைக்கும். பிரித்தானிய 26 கேஜ், அதாவது 0.46 மி.மீ., 100 கிராம் வாங்கினால் ஏறக்குறைய 68 மீற்றர் வரும். மணிகளைச் சுற்றிப் பின்னுவதற்கு இதைவிடத் தோதான கம்பி கிடையாது. எனாமல் காற்றையும் ஈரத்தையும் செம்பில் பட விடாது, அதனால் நுவரெலியா மூடுபனியிலும் பளபளப்பு மாதக்கணக்கில் நிற்கும்.

அந்த எனாமலே இதன் தொல்லையும். குறட்டின் பல் பட்டால் பூச்சு உரியும். உரிந்த புள்ளி மட்டும் கறுத்து, நகை முழுக்கப் பொட்டுப் பொட்டாகத் தெரியும். பல் இல்லாத குறடு வாங்குங்கள், இல்லையென்றால் தாடைகளில் இரண்டு சுற்று மாஸ்கிங் டேப் ஒட்டுங்கள். பூச்சை நெருப்பில் எரித்துப் போக்க நினைக்கவே வேண்டாம், அந்தப் புகை நச்சு. சேண்ட் பேப்பரால் உரசியே எடுக்க வேண்டும்.

இரண்டுக்கும் உள்ள பேதம் தலைவளையம், அதாவது மணியைத் தொங்கவிட அதன் மேலே போடும் கம்பி வளையம், கட்டும்போது நன்றாகத் தெரியும். மணிக்கு மேலே 2 மி.மீ. கழுத்து விட்டுக் கம்பியைச் செங்குத்தாக மடியுங்கள். உருண்டை மூக்குக் குறட்டில் வளையம் போட்டு, மிஞ்சிய வாலைக் கழுத்தில் மூன்று சுற்றுச் சுற்றுங்கள். கழுத்து விடாமல் மடித்தால் சுற்றுக்கு இடமிருக்காது, இறுக்கும்போது கண்ணாடி மணி வெடிக்கும். கேபிள் செம்பில் சுற்று பிசகினால் அவிழ்த்து ஒருமுறை திரும்பச் சுற்றலாம். மூன்றாவது தடவை கம்பி இறுகி முறியும் நிலைக்கு வந்திருக்கும். அப்போது மணியைக் கழற்றிவிட்டு, கேஸ் அடுப்பில் மங்கலான சிவப்பு வரும்வரை காட்டித் தண்ணீரில் போட்டால் மறுபடி இளகிவிடும். மேலே படியும் கருமைக்கு இளஞ்சூடான புளித் தண்ணீரும் உப்பும் போதும். எனாமல் கம்பிக்கு இந்த வழி அடைபட்டது. பிசகினால் வெட்டி எறிய வேண்டியதுதான். தொடங்குகிறவர் கேபிள் செம்பையே எடுக்க வேண்டும் என்று நாங்கள் அழுத்திச் சொல்வது இதற்காகத்தான். கை பழகியபின் பின்னல் வேலைக்கு வைண்டிங் கம்பிக்குப் போகலாம்.

பூச்சில்லாத செம்பு நாளடைவில் பழுப்பாகும், வியர்வை பட்டால் தோலில் பச்சைக் கறை விடும். கறை சவர்க்காரத்தில் போய்விடும், நகையைத் தேசிக்காயும் உப்பும் தேய்த்துத் துலக்கலாம். பழமை நிறமே வேண்டுமென்றால் அவித்த முட்டையை உரித்து நசுக்கி, நகையோடு மூடிய டப்பாவில் வையுங்கள். முட்டையிலிருந்து வரும் கந்தக வாயு செம்பைக் கறுப்பாக்கும். முட்டை நகையில் படக் கூடாது, பட்ட இடம் திட்டாகிவிடும்.

காதுக் கொக்கிக்கு மட்டும் இந்த இரண்டு செம்பும் வேண்டாம். துளைக்குள் ஈரம் நிற்கும், அங்கே செம்பு கரைந்து புண்ணாக்கும். 0.8 மி.மீ. 925 வெள்ளிக் கம்பி (ஆயிரத்தில் 925 பங்கு வெள்ளி) ஒரு கொக்கிக்கு 5 செ.மீ. போதும். பத்தரிடம் அளவு சொன்னால் இழுத்துத் தருவார். தடித்த மார்க்கர் பேனையில் வளைத்து, வளைவை மட்டும் இரும்புத் துண்டின் மேல் வைத்து மெதுவாக நாலு தட்டுத் தட்டினால் விறைக்கும். துளைக்குள் போகும் நுனியை அரத்தால் உருட்டி, சேண்ட் பேப்பரால் மழுப்புங்கள். நுனியைக் கன்னத்தில் இழுத்துப் பாருங்கள், கீறினால் இன்னும் வேலை இருக்கிறது.

அலுமினியம் செம்பின் எடையில் மூன்றில் ஒன்றுகூட இல்லை. 2 மி.மீ. கம்பியைக்கூடக் கையாலேயே வளைக்கலாம். பெரிய தொங்கட்டானுக்கும் பிள்ளைகளின் கலைவிழா நகைக்கும் நல்லது. ஆனால் விறைப்புத் தராது, கொளுவி செய்ய உதவாது, பூச்சில்லாதது தோலில் சாம்பல் கறை விடும். பித்தளை அதற்கு நேரெதிர்: குறட்டை எதிர்த்து நிற்கும், கொளுவிக்குத்தான் சரி.

கட்டட வேலைக்கு வாங்கும் கட்டுக்கம்பியும் மலிவு என்று சிலர் எடுப்பார்கள். அது இரும்பு, இந்த ஈரத்தில் துருப்பிடிக்கும். எண்ணெய் போகக் கழுவி, கடுஞ்சாயத் தேத்தண்ணியில் ஒரு இரவு ஊறவிட்டால் தேயிலையின் துவர்ப்பு இரும்போடு சேர்ந்து நீலங்கலந்த கறுப்பாகும். காயவைத்து மெழுகு தேய்த்தால் சுவரில் தொங்கவிடும் அலங்காரத்துக்கு அழகாக இருக்கும். கழுத்துக்கு வேண்டாம், வியர்வையில் மெழுகு நிற்காது.

செய்து முடித்த செம்பையும் வெள்ளியையும் இறப்பர் பேண்டால் கட்டி வைக்காதீர்கள். இறப்பரில் கந்தகம் இருக்கிறது, கட்டிய இடத்தில் கறுப்புக் கோடு விழும். கம்பளி ஸ்வெட்டர் அடுக்கிய அலுமாரியும் வெள்ளிக்கு ஆகாது, கம்பளியிலும் கந்தகம் உண்டு. இறுக்கி மூடும் சின்னப் பையில் காற்றை வெளியேற்றிப் போட்டு, சப்பாத்துப் பெட்டியில் வரும் சிலிக்கா பொட்டலம் ஒன்றையும் சேர்த்து வையுங்கள்.