வாள்வெட்டு மோட்டார் சைக்கிள்கள்: துப்பாக்கியா, தடைச் சட்டமா, சாட்சியா?

யாழ்ப்பாணத்தில் இரவில் ஒழுங்கைக்குள் மூன்று நான்கு மோட்டார் சைக்கிள்கள் சேர்ந்து வரும் சத்தம் கேட்டால் படலையைப் பூட்டிவிட்டு லைட்டை அணைக்கிற வீடுகள் இருக்கின்றன. வருகிறவர்கள் முகத்தைத் துணியால் மூடியிருப்பார்கள், இலக்கத்தகடு இருக்காது, கையில் வாள். கதவு, ஜன்னல், வாசலில் நிற்கும் வாகனம் எல்லாவற்றையும் அடித்து நொறுக்கிவிட்டுச் சில நிமிடங்களில் போய்விடுவார்கள். சில இரவுகளில் ஆட்களையும் வெட்டிவிட்டுப் போவார்கள். 2014 அளவில் 'ஆவா குழு' என்ற பெயர் ஊரெங்கும் பரவியது. அதன் பிறகு எத்தனையோ குழுக்கள், எத்தனையோ பெயர்கள். பிடிபடுகிறவர்களில் பலர் இருபதைச் சுற்றிய வயதுப் பிள்ளைகள்.

இதைப் பொலிஸார் எப்படிக் கையாள வேண்டும் என்று கேட்டால் ஊரில் நாலு விதமான பதில் வரும். வீதியில் மறி, நிற்காவிட்டால் சுடு என்பது ஒன்று. பயங்கரவாதத் தடைச் சட்டத்தில் உள்ளே போடு என்பது இன்னொன்று. தலைக்கவசத்துக்கும் மோட்டார் சைக்கிளுக்கும் கட்டுப்பாடு வை என்பார்கள் சிலர். ஒழுங்காக விசாரித்து, சாட்சியோடு வழக்குப் போடு என்பார்கள் வேறு சிலர். இவற்றை ஒப்பிட எனக்கு ஒரு கேள்விதான் முக்கியம்: அடுத்த நாள் காலையில் பக்கத்து வீட்டுக்காரர் பொலிஸுக்கு வாக்குமூலம் கொடுக்க முன்வருவாரா? முகம் மூடிய, சில நிமிடக் குற்றம் இது. அவர் வாய் திறக்காவிட்டால் பெரும்பாலும் வழக்கு நிற்காது.

மறிப்பதும் சுடுவதும்

2016 ஒக்டோபர் 20 இரவு, கொக்குவில் குளப்பிட்டிச் சந்திக்கு அருகில் மோட்டார் சைக்கிளில் வந்த யாழ்ப்பாணப் பல்கலைக்கழக மாணவர் இருவர் இறந்தார்கள். விபத்து என்றுதான் முதலில் சொல்லப்பட்டது. ஒருவரின் உடலில் துப்பாக்கிச் சூட்டுக் காயம் இருந்தது பிரேத பரிசோதனையில் தெரியவந்தது. மறித்தபோது நிற்கவில்லை என்ற விளக்கம் வந்தது. ஐந்து பொலிஸார் கைதானார்கள், வடக்கு முழுவதும் ஹர்த்தாலில் மூடிக் கிடந்தது. அந்த மாணவர்கள் எந்தக் குழுவையும் சேர்ந்தவர்கள் அல்ல. மோட்டார் சைக்கிளில் இரவில் போன இரண்டு இளைஞர்கள், அவ்வளவுதான்.

இந்த வழியின் அடிப்படைக் கோளாறு இதுதான். வீதியில் நிற்கும் பொலிஸ்காரருக்குத் தெரிவது ஒரு மோட்டார் சைக்கிளும் இரண்டு இளைஞர்களும். வாள்காரனும் வகுப்பு முடித்து வருகிற பிள்ளையும் இருட்டில் ஒரே மாதிரித்தான் தெரிவார்கள். பயத்தில் நிற்காமல் ஓடுகிறவனும் உண்டு. லைசென்ஸ் இல்லாததால் ஓடுகிறவனும் உண்டு. அதற்கு மரணம் தண்டனையாக முடியாது.

அதன் பின்விளைவும் நமக்குத் தெரியும். சில நாட்களுக்குள் சுன்னாகத்தில் சிவில் உடையில் இருந்த பொலிஸார் இருவர் வாளால் வெட்டப்பட்டார்கள். ஆவா குழுவின் பெயரில் துண்டுப்பிரசுரம் வெளிவந்தது, மாணவர்களின் மரணத்துக்குப் பழி என்று. மக்களின் உண்மையான துயரத்தை வாள்காரர்கள் தங்களுடையதாக ஆக்கிக்கொண்டார்கள். அந்த வாய்ப்பை அவர்களுக்குக் கொடுத்தது அந்தத் துப்பாக்கிதான்.

2017 ஜூலை இறுதியில் கொக்குவில் நந்தாவிலில் மீண்டும் இரண்டு பொலிஸார் வெட்டப்பட்டபோது பொலிஸின் ஆயுதப் பிரிவான விசேட அதிரடிப்படை வீதிக்கு வந்தது. இதில் ஒரு நியாயத்தை மறைக்கக் கூடாது. அதிரடிப்படை நின்ற நாட்களில் நிம்மதியாகத் தூங்கியவர்கள் இருக்கிறார்கள், கடையை நேரத்தோடு பூட்டாமல் வியாபாரம் செய்தவர்கள் இருக்கிறார்கள். அவர்களுடைய பயம் பொய்யில்லை. ஆனால் படை போன பிறகு வாள்கள் திரும்பி வந்தன. போரைக் கண்ட ஊரில் ஆயுதம் தரித்த படையிடம் போய் 'நான் பார்த்தேன்' என்று சொல்ல யாருக்கு மனம் வரும்? நிம்மதி கிடைத்தது, சாட்சி கிடைக்கவில்லை.

லண்டனைப் பார் என்று சொல்கிறவர்கள் உண்டு. புலம்பெயர்ந்த சொந்தக்காரர் அனுப்பிய வீடியோவை நம்மில் பலர் பார்த்திருப்போம்: திருட்டு ஸ்கூட்டரில் போனைப் பறித்துக்கொண்டு ஓடும் இளைஞனைப் பொலிஸ் கார் பின்னால் முட்டி விழுத்துகிறது. 2018 நவம்பரில் லண்டன் பெருநகரப் பொலிஸ் அதை வெளியிட்டது. 2017 ஜனவரி முதல் ஒக்டோபர் வரை அங்கே 19,455 ஆக இருந்த ஸ்கூட்டர் குற்றங்கள், 2018-இல் அதே மாதங்களில் 12,419 ஆகின. 36 சதவீதம் குறைவு, உண்மைதான். ஆனால் முட்டியது மட்டும் அதைச் செய்யவில்லை. ஓடுகிறவன் மீது, பிறகு ஆளை அடையாளம் காட்டும் திரவத்தைத் தெளித்துப் பின்னர் பிடித்தார்கள். ஸ்கூட்டருக்குப் பூட்டும் சங்கிலியும் உறையும் போடும்படி உரிமையாளர்களிடம் பிரசாரம் செய்தார்கள். முட்டுவதற்கும் தனிப் பயிற்சி பெற்ற சாரதிகள் இருந்தார்கள், அவர்களைக் கேள்வி கேட்கச் சுயாதீன விசாரணை அமைப்பு ஒன்றும் இருந்தது. அப்படியிருந்தும் அங்கே எதிர்ப்பு வந்தது. இந்த ஏற்பாடுகள் எதுவும் இல்லாமல் முட்டுவதை மட்டும் நமது குறுகலான ஒழுங்கைகளுக்குக் கொண்டு வந்தால், நடப்பது இன்னொரு குளப்பிட்டிதான்.

தடைச் சட்டமும் சாதாரணச் சட்டமும்

2016 நவம்பரில் பயங்கரவாதப் புலனாய்வுப் பிரிவு ஆவா குழு என்று சொல்லி இளைஞர்களைப் பிடிக்கத் தொடங்கியது. இங்கே இரண்டு சட்டங்களையும் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும். சாதாரணச் சட்டத்தில் கைதானவரை 24 மணி நேரத்துக்குள் நீதவான் முன் நிறுத்த வேண்டும். 1979-இல் வந்த பயங்கரவாதத் தடைச் சட்டத்தில் 72 மணி நேரம் வைத்திருக்கலாம். பிறகு அமைச்சரின் கட்டளையோடு மூன்று மூன்று மாதமாக நீட்டிக்கொண்டே போகலாம். 18 மாதமாக இருந்த உச்ச எல்லையை 2022 திருத்தம் 12 மாதமாக்கியது. சாதாரண வழக்கில் பொலிஸிடம் கொடுத்த குற்ற ஒப்புதல் சாட்சியமாகாது. தடைச் சட்டத்தில் உதவிப் பொலிஸ் அத்தியட்சகர் தரத்துக்குக் குறையாத அதிகாரியிடம் கொடுத்தால் அது சாட்சியமாகிவிடும்.

பொலிஸுக்கு எது வசதி என்று சொல்லத் தேவையில்லை. அந்த வசதியில்தான் ஆபத்து இருக்கிறது. ஒப்புதல் வாங்கிவிட்டால் போதும் என்ற நிலை வந்ததும், கமராவைத் தேடுவதும், தொலைபேசிப் பதிவை எடுப்பதும், அயலவரிடம் பொறுமையாகப் பேசுவதும் தேவையில்லாமல் போய்விடும். அப்புறம், நமது ஊரில் அந்தச் சட்டத்தின் பெயர் என்ன நினைவுகளைக் கிளப்பும்? வாளோடு வந்த ஒரு ரவுடிப் பையனை அந்தச் சட்டம் அரசியல் கைதியின் வரிசையில் கொண்டுபோய் நிறுத்துகிறது. அவனைக் காட்டிக்கொடுக்க நினைத்த அயலவர், இனத்தைக் காட்டிக்கொடுத்தவர் என்று பெயர் வாங்கப் பயப்படுவார். அதே காலத்தில் அமைச்சர் ஒருவரே, இந்தக் குழுவை உருவாக்கியது முன்னைய ஆட்சியின் பாதுகாப்புத் தரப்பினர்தான் என்று பகிரங்கமாகச் சொன்னார். அது சரியா பிழையா என்பது ஒருபுறம் இருக்க, அதைக் கேட்ட பிறகு எந்தச் சாட்சி பொலிஸ் நிலையத்தை நம்பிப் போவார்?

ஆயுதத்தால் பாரதூரமான காயம் விளைவித்தல், சட்டவிரோதக் கூட்டம், வீடு புகுதல், கொள்ளை எல்லாம் தண்டனைச் சட்டக்கோவையில் ஏற்கெனவே இருக்கின்றன. வாள்வெட்டுக்குப் புதுச் சட்டம் வேண்டியதில்லை.

தலைக்கவசம் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. 2015-இல் முகத்தை முழுதாக மூடும் தலைக்கவசத்தைத் தடை செய்யப் பொலிஸ் முயன்றது, அந்த முயற்சிக்கு மேன்முறையீட்டு நீதிமன்றம் இடைக்காலத் தடை விதித்தது. நல்லதுதான். விபத்தில் தாடையைக் காக்கும் கவசத்தை எல்லோரிடமிருந்தும் பறித்தாலும் வாள்காரன் துணியைக் கட்டிக்கொண்டு வருவான். இலக்கத்தகடு வேறு விஷயம். தகடு இல்லாத மோட்டார் சைக்கிளைப் பகலிலேயே, சந்தியிலேயே, சுடாமல், அடிக்காமல் பறிமுதல் செய்யலாம். அதை விடாமல் செய்தால் இரவில் வருகிறவனுக்கு வாகனம் கிடைப்பது கஷ்டமாகும்.

சாட்சியை நம்பும் வழி

கடைசி வழி மெதுவானது. கடைக்காரரின் கமராப் பதிவை அழிவதற்கு முன் எடுக்க வேண்டும், அடையாள அணிவகுப்பு நடத்த வேண்டும், வாளோடு கேக் வெட்டி டிக்டொக்கில் போட்டவனின் படத்தையும் தொலைபேசியையும் வழக்குக்குப் பயன்படும்படி ஆவணமாக்க வேண்டும். ஒருவன் பிணையில் வந்து சாட்சியின் வீட்டு வாசலில் மோட்டார் சைக்கிளை உறுமவிட்டால் அதையே தனிக் குற்றமாகப் பதிய வேண்டும். சாட்சிகளைப் பாதுகாக்க 2015-இல் ஒரு சட்டம் வந்தது, 2023-இல் அதற்குப் பதிலாகப் புதிய சட்டமும் வந்தது. சாட்சியை மிரட்டுவது அதன்படி குற்றம். அந்தச் சட்டத்தை ஒழுங்கைக்குக் கொண்டு வர வேண்டியது பொலிஸின் வேலை.

மொழிதான் இங்கே பெரிய தடை. தமிழில் சொன்னதைச் சிங்களத்தில் எழுதி, வாசித்துக்கூடக் காட்டாமல் கையெழுத்து வாங்கினால், நீதிமன்றத்தில் சாட்சி தடுமாறுவார், எதிர்த்தரப்புச் சட்டத்தரணி அவரைக் கிழித்துவிடுவார். மாகாண சபைகளை உருவாக்கிய அரசியலமைப்பின் 13ஆவது திருத்தம் 1987-இல் வந்தும் மாகாணத்துக்குப் பொலிஸ் அதிகாரம் கிடைக்கவில்லை. அது கிடைக்கும் வரை காத்திருக்கத் தேவையில்லை. ஒவ்வொரு நிலையத்திலும் இரவுக் கடமையில் தமிழில் வாக்குமூலம் எழுதக்கூடிய ஒருவர் இருக்க வேண்டும் என்று இன்றே கட்டளை போடலாம். தமிழ் இளைஞர்கள் பொலிஸில் சேருவதையும் துரோகம் என்று பேசாமல் நாமும் ஊக்குவிக்க வேண்டும்.

இந்த வழிக்கும் ஒரு ஓட்டை உண்டு, அது விளக்கமறியல். முதல் தடவை நண்பனுக்காகப் பின்னால் ஏறிப்போன 19 வயதுப் பையனை, பல வெட்டு வழக்குகள் உள்ளவனோடு ஒரே கூண்டில் மாதக்கணக்கில் வைத்தால், அவன் வெளியே வரும்போது குழு ஒன்று அவனுக்காகக் காத்திருக்கும். வெட்டியவனுக்குச் சிறை வேண்டும், அதில் எனக்குச் சந்தேகமில்லை. பின்னால் இருந்தவனுக்கு 1999-ஆம் ஆண்டின் சமுதாயஞ்சார் சீர்திருத்தச் சட்டம் இருக்கிறது. குற்றம் அதன் எல்லைக்குள் வருமானால், சிறைக்குப் பதிலாக மேற்பார்வையோடு வேலை வாங்கலாம். எவன் வெட்டினான், எவன் பின்னால் இருந்தான் என்று பிரித்துச் சொல்லவும் அந்தப் பக்கத்து வீட்டுக்காரரின் வாக்குமூலம் வேண்டும்.