நிலக்கரி வேகனுக்கு அழுக்கேற்ற எது சரி: பவுடரா, ஆயில் கலரா, ஏர்பிரஷ்ஷா?

ஜோலார்பேட்டை பிளாட்பாரத்தில் நிலக்கரி ரேக் ஒன்று (ஒரே ரயிலாகக் கோத்த வேகன் வரிசை) மெதுவாகக் கடந்துபோகும்போது நின்று பாருங்கள். 58 பாக்ஸ்-என் வேகன்கள், மேலே திறந்த சரக்குப் பெட்டிகள். எல்லாமே ஒரு காலத்தில் ஒரே ரெட் ஆக்சைடு நிறத்தில் இருந்தவைதான். இப்போது ஒன்று காய்ந்த ரத்த நிறம், அடுத்தது சாம்பல் பூத்த பழுப்பு, அதற்கடுத்தது மேல் விளிம்பிலிருந்து பாதி உயரத்துக்கு வெறும் துரு. பக்கத்துப் பக்கத்தில் இருக்கும் இரண்டு வேகனின் அழுக்கு ஒன்றுபோல இருக்காது. ரயில் மாடல் செய்பவர்களாகிய நாம் முதலில் தவறவிடுவது இதைத்தான். ஒரு வேகனை அழகாகப் பழசாக்கக் கற்றுக்கொள்கிறோம், பிறகு அதே அழகை நம் ரேக்கின் பன்னிரண்டு வேகனுக்கும் ஏற்றிவிடுகிறோம்.

அதனால் இந்த ஒப்பீட்டில் ஒரு வேகன் மட்டும் எப்படித் தெரிகிறது என்று பார்த்தால் போதாது. பன்னிரண்டையும் கோத்து ஓட்டினால் எப்படித் தெரியும், கைபட்டால் தாங்குமா, தப்பு செய்தால் திரும்ப முடியுமா? இந்த மூன்று கேள்விகளையும் எல்லா முறைகளிடமும் கேட்டிருக்கிறேன். பேசுவது ஹெச்ஓ அளவைப் பற்றி, அதாவது 1:87, நிஜத்தில் 87-ல் ஒரு பங்கு. நிஜத்தில், வேகன்களை இணைக்கும் கப்ளர் முதல் கப்ளர் வரை 10.7 மீட்டர் நீளமுள்ள வேகன் நம் மேஜையில் சுமார் 12.3 சென்டிமீட்டர்தான். இரண்டடி தள்ளி உட்கார்ந்து பார்த்தாலே நிஜ வேகனை 50 மீட்டருக்கு அப்பால் நின்று பார்ப்பதற்குச் சமம். பிரஷ்ஷால் ஒரு மில்லிமீட்டர் அகலத்தில் துரு வழிவதாக இழுத்தால் நிஜக் கணக்கில் அது ஒன்பது சென்டிமீட்டர் அகலம். அப்படி எந்த வேகனிலும் துரு வழியாது. எந்த முறையை எடுத்தாலும் இந்தக் கணக்கு மனதில் இருக்க வேண்டும்.

முதலில் நிஜ அழுக்கு எப்படி வருகிறது என்று பார்த்துவிடலாம். மழைத்தண்ணீர் பக்கவாட்டில் இருக்கும் செங்குத்து விலாக்களின் ஓரமாக வழிந்து கோடு போடும். பிரேக் கட்டை தேய்ந்து வரும் தூள் அடிச்சட்டத்திலும், சக்கரங்களைத் தாங்கும் சட்டமான போகியிலும் படியும். வெயில் பெயின்ட்டை வெளுக்கும். அனல்மின் நிலையங்களில் டிப்ளர் இயந்திரம் வேகனை அப்படியே பிடித்துக் கவிழ்ப்பதால் மேல் விளிம்பில் அடிபட்ட தழும்பு இருக்கும். வழிவது, படிவது, வெளுப்பது, அடிபடுவது. நான்கும் நான்கு விதமான வேலை. கருவியும் அதற்கேற்ப மாறும்.

பவுடரில் ஆரம்பிக்கிறேன், கையில் காசு இல்லாதபோது நானும் அதில்தான் ஆரம்பித்தேன். கடையில் வாங்கும் பிக்மென்ட் பவுடர் இருந்தால் நல்லது. இல்லாவிட்டால் சாஃப்ட் பேஸ்டல் குச்சியை பிளேடால் சுரண்டிக்கொள்ளலாம். இஸ்திரிக் கடையில் கிடைக்கும் கரித்துண்டை இடித்து, பழைய வேட்டித் துணியில் சலித்தால் நிலக்கரித் தூளுக்கு அதைவிட நல்ல நிறம் கிடையாது. பளபளப்பான பிளாஸ்டிக்கில் பவுடர் ஒட்டாது. முதலில் மேட் வார்னிஷ் அடித்து, அது காய்ந்த பிறகு, முடி தேய்ந்த பழைய பிரஷ்ஷால் குத்திக் குத்தி ஏற்ற வேண்டும். போகிக்கும் அடிச்சட்டத்துக்கும் இதை மிஞ்சியது எதுவும் இல்லை. தூள் படிந்த இடத்தைத் தூளாலேயே காட்டுகிறோம், அவ்வளவுதான்.

குறை என்னவென்றால், பவுடர் அப்படியே இருந்தால் கைரேகை பதியும். அதைக் காப்பாற்ற மேலே வார்னிஷ் அடித்தால் பாதி நிறம் காணாமல் போகும். வார்னிஷ்ஷுக்குப் பிறகும் தெரிய வேண்டும் என்று முதலிலேயே அதிகமாக ஏற்றினால் சில இடத்தில் திட்டுத்திட்டாக நின்றுவிடும். இன்னொன்று, அச்சு முனை உட்காரும் குழிக்குள் பவுடர் போனால் சக்கரம் சரியாக உருளாது. ஒரு வேகனில் தெரியாது, பன்னிரண்டைக் கோத்தால் இன்ஜின் ஏற்றத்தில் திணறும். அதனால் சக்கரங்களைக் கழற்றி வைத்துவிட்டுத்தான் இந்த வேலையில் இறங்க வேண்டும்.

அடுத்தது ஆயில் கலர். ஓவியர்கள் பயன்படுத்தும் அதே ட்யூப்தான். பர்ன்ட் அம்பர், பர்ன்ட் சியென்னா, அல்ட்ராமரைன் நீலம் என்று மூன்று நிறம் போதும். ஒரு சின்ன ட்யூப் வருடக்கணக்கில் வரும். கறுப்பைத் தனியாக வாங்க வேண்டாம் என்பது என் கருத்து. ஐவரி பிளாக் காய்வதற்கு நாள் கணக்கில் காக்க வைக்கும். அம்பரில் இயற்கையாகவே மாங்கனீசு இருப்பதால் சீக்கிரம் காயும். அம்பரோடு அல்ட்ராமரைனைக் கலந்தால் வருகிற கருமை, கடையில் வாங்கும் கறுப்பைவிட நிலக்கரிக்கு நெருக்கமானது.

வேலை நடப்பது இப்படி. பெயின்ட்டை முதலில் ஒரு அட்டைத் துண்டில் பிதுக்கி ஒரு மணி நேரம் விட்டுவிடுகிறேன். அதிலிருக்கும் எண்ணெயை அட்டை உறிஞ்சிக்கொள்ளும், பிறகு பெயின்ட் பளபளக்காமல் காயும். வேகனின் ஒரு விலா ஓரத்தில், மேல் விளிம்புக்குச் சற்றுக் கீழே, ஊசிமுனை அளவுக்கு ஒரு புள்ளி. தட்டையான பிரஷ்ஷை வாசனையற்ற வொயிட் ஸ்பிரிட்டில் நனைத்து, துணியில் ஒற்றி, கிட்டத்தட்ட காய்ந்த நிலைக்குக் கொண்டுவந்து, அந்தப் புள்ளியை மேலிருந்து கீழாக ஒரே இழுப்பு. புள்ளி மறைந்து, தலைமுடி அகலத்தில் ஒரு கறை வழிந்து, கீழே போகப்போகக் கரைந்துபோகும். அதிகமாகிவிட்டதா? சுத்தமான பிரஷ்ஷால் இன்னொரு இழுப்பு, போய்விடும். அரை நாள் கழித்துப் பார்த்துப் பிடிக்காவிட்டாலும் பெரும்பாலும் துடைத்துவிடலாம். அடியில் நன்றாகக் காய்ந்த அக்ரிலிக் பெயின்ட் இருந்தால் வொயிட் ஸ்பிரிட் அதைத் தொடாது. நேரடியாகப் பிளாஸ்டிக்கின் மேல் தளும்பத் தளும்ப விட்டால்தான் ஆபத்து. இழுவிசையில் இருக்கும் மெல்லிய பிளாஸ்டிக் பாகங்கள் விரிசல் விடும்.

இந்த "திரும்பப் பெறலாம்" என்ற ஒரு குணத்துக்காகவே ஆயில் கலருக்கு என் ஓட்டு. மற்ற முறைகளில் கை பயந்து பயந்து வேலை செய்யும். இதில் பயம் இல்லாததால் ஒவ்வொரு வேகனிலும் வேறுவேறு மாதிரி முயன்று பார்க்கிறோம், ரேக்கில் தானாகவே வித்தியாசம் வந்துவிடுகிறது. இதற்குக் கொடுக்கும் விலை நேரம்தான். காய ஒன்றிரண்டு நாள், மழைக்காலத்தில் அதற்கும் மேல். ஒரு வேகனை முடித்துவிட்டு அடுத்ததை எடுப்பதற்குப் பதில் ஆறு வேகனை வரிசையாக வைத்துக்கொண்டால் காத்திருப்பதே தெரியாது. ஜன்னலைத் திறந்து வைத்துக்கொள்ளுங்கள்.

காற்றழுத்தத்தால் பெயின்ட்டைத் தெளிக்கும் ஏர்பிரஷ் வைத்திருப்பவர்கள் அதை விட்டு வேறெதையும் தொட மாட்டார்கள். அது ஏன் என்று எனக்குப் புரிகிறது. பெயின்ட்டில் கொஞ்சம் வெள்ளையோ மஞ்சளோ கலந்து, பாலைவிடத் தண்ணியாக்கி, 15 பிஎஸ்ஐ அழுத்தத்தில் 0.3 மில்லிமீட்டர் நாசில் வழியே மேலாக ஒரு மூட்டம் அடித்தால், வெயிலில் வெளுத்த தோற்றம் ஐந்து நிமிடத்தில் வந்துவிடும். வெளுப்பதைக் காட்ட வேறு எந்த முறையும் இவ்வளவு இயல்பாக இருக்காது. ஆனால் வழிவதைக் காட்ட இதற்குத் தெரியாது. அடித்தது காய்ந்துவிட்டால் திரும்ப வழியும் இல்லை. கம்ப்ரஸர், ஈரத்தைப் பிடிக்கும் ஃபில்டர், சுத்தம் செய்யும் திரவம் என்று செலவு இழுத்துக்கொண்டே போகும். கடலோர ஊர்களில் அந்த ஃபில்டர் இல்லாவிட்டால் பெயின்ட்டோடு தண்ணீரும் தெறிக்கும். மே மாத வெயிலில் அக்ரிலிக் நாசில் முனையிலேயே காய்ந்து அடைத்துக்கொள்ளும், காய்வதைத் தாமதப்படுத்தும் ரிடார்டர் ஒரு சொட்டு சேர்க்க வேண்டியிருக்கும்.

எனக்கு ஏர்பிரஷ்ஷோடு இருக்கும் பெரிய சங்கடம் ரேக்கில்தான். வரிசையாக நிற்க வைத்து அடித்தால் பன்னிரண்டு வேகனும் ஒரே நாளில் ஒரே புழுதியில் நனைந்த மாதிரி ஆகிவிடும். இதைத் தவிர்க்க வேகன் எண்ணே வழி சொல்கிறது. நம் வேகன்களின் பதினோரு இலக்க எண்ணில் ஐந்தாவதும் ஆறாவதும் தயாரிக்கப்பட்ட ஆண்டு. மாடலில் ஒட்டியிருக்கும் எண்ணைப் படித்து, 90களில் வந்த வேகனுக்கு நான்கு மூட்டம், புதியதற்கு ஒன்று என்று பிரித்து அடித்தால் ரேக் உயிர்பெறும்.

இந்தியன் இங்க்கில் சில சொட்டுகளை ஐசோப்ரொபைல் ஆல்கஹாலில் விட்டுச் செய்யும் வாஷ், அதாவது தண்ணியான பூச்சு, நான்காவது வழி. மலிவு, வேகம். வேகனின் உட்பக்கத்துக்கும் போகியின் இடுக்குகளுக்கும் நன்றாக இருக்கும். ஒரு எச்சரிக்கை மட்டும். மேட் வார்னிஷ் அடித்த வேகன் மேல் இதைப் பூசி, ஒரு இரவு முழுக்க வேலை பார்த்ததெல்லாம் காலையில் வெள்ளை பூத்து நின்றதைப் பார்த்திருக்கிறேன். ஆல்கஹால் வார்னிஷ்ஷைப் பதம் பார்த்துவிட்டது. இன்னொரு கோட் வார்னிஷ் அடித்ததும் வெள்ளை அடங்கியது, ஆனால் நான் வரைந்த நுணுக்கமும் கூடவே மங்கிவிட்டது. அன்றிலிருந்து இங்க் வாஷ்ஷை வார்னிஷ்ஷுக்கு முன்னால்தான் போடுகிறேன்.

சரி, எதை வாங்குவது? முதல்முறை செய்பவர் என்றால் கம்ப்ரஸருக்குக் காசு சேர்க்க வேண்டாம். மூன்று ஆயில் ட்யூப், ஒரு ஸ்ப்ரே டப்பா மேட் வார்னிஷ், கொஞ்சம் கரித்தூள். உடல் முழுக்க ஆயில், அடிச்சட்டத்துக்குப் பவுடர். கண்காட்சிகளுக்குக் கொண்டுபோய் குழந்தைகள் கையில் கொடுப்பவர் என்றால் பவுடரைக் குறைத்து, ஆயில் நன்றாகக் காய்ந்ததும் வார்னிஷ் பூட்டிவிட வேண்டும். இருபது, முப்பது வேகன் ரேக் கட்டுபவருக்கு ஏர்பிரஷ் தேவைதான், வெளுப்புக்கு மட்டும். வழிவதை அப்புறம் ஆயிலில் தனித்தனியாக இழுத்துக்கொள்ளட்டும்.

அடிச்சட்டத்தைக் கொஞ்சம் தாராளமாகக் கருமையாக்குவதில் நமக்கு இன்னொரு லாபமும் உண்டு. நம் அகலப்பாதை 1676 மில்லிமீட்டர். 1:87 கணக்கில் 19 மில்லிமீட்டருக்குச் சற்று மேல் வர வேண்டும். கிடைப்பதோ 16.5 மில்லிமீட்டர் தண்டவாளம். சக்கரங்கள் உள்ளே ஒடுங்கி நிற்பது அந்தக் கருமையில் கண்ணில் படாது.

சக்கரத்தின் முகத்துக்குப் பழுப்பு அடியுங்கள், தண்டவாளத்தில் உருளும் பரப்பை மட்டும் துடைத்து மின்ன விடுங்கள். கடைசியாக, ஆயில் காய்வதற்குள் காதுக்குச்சி ஒன்றை வொயிட் ஸ்பிரிட்டில் நனைத்து, வேகன் எண்ணின் மேல் இருக்கும் ஆயில் கறையை மட்டும் எடுத்துவிடுங்கள். யார்டில் எண் மங்கினால் ஆட்கள் அந்த இடத்துக்கு மட்டும் மறுபடி பெயின்ட் அடித்து எழுதுவார்கள். அழுக்கான வேகனில் அந்தச் சின்னக் கட்டம் மட்டும் புதிதாகத் தெரியும்.