இரண்டு பீவர்கள், இரண்டு வகை உளிப்பற்கள்

வட அமெரிக்காவில் இன்று வாழும், மரத்தைப் பல்லால் வெட்டி அணை கட்டும் கொறிவிலங்கான பீவரையும், சுமார் 10,000 ஆண்டுகளுக்கு முன் அழிந்த ராட்சத பீவரான காஸ்டோராய்டஸையும் ஒப்பிட்டால் முதலில் கண்ணில் படுவது அளவுதான். இன்றைய பீவர் பெரும்பாலும் 30 கிலோவுக்குள் அடங்கும். காஸ்டோராய்டஸோ கரடி அளவு இருந்தது. அதன் வெட்டுப்பல் 15 செ.மீ. வரை நீளும்.

ஆனால் எனக்கு நீளத்தைவிட நுனியே சுவையாகப்படுகிறது. இன்றைய பீவரின் பல்லில் முன்புறம் மட்டும் இரும்புச் சத்தால் ஆரஞ்சு நிறமேறிய, வழவழப்பான எனாமல். பின்புறம் மென்மையாக இருப்பதால் முதலில் தேய்கிறது. கடிக்கக் கடிக்க உளி தானாகவே தீட்டிக்கொள்கிறது. தேய்மானத்தை ஈடுகட்ட அப்பல் ஆயுள் முழுவதும் வளரும். கடைவாய்ப் பற்களுக்கு அந்தக் கொடுப்பினை இல்லை. சில ஆண்டுகளில் வேர் மூடி வளர்ச்சி நின்றுவிடும்.

காஸ்டோராய்டஸின் வெட்டுப்பல்லிலோ நீளவாக்கில் வரிகள், நுனி மழுங்கல். மரம் வெட்ட ஏற்ற கருவியல்ல. எலும்புகளின் ஐசோடோப்பு ஆய்வும் (தின்ற உணவு எலும்பில் விட்டுச்செல்லும் வேதித் தடயத்தைப் பார்ப்பது) அது நீர்த்தாவரங்களைத் தின்றதையே காட்டியது. இவ்வளவு பெரிய பல்லை வைத்துக்கொண்டு பாசியும் தண்டும் மென்றிருக்கிறது!