58,200 ரூபாய்க்கு நான் வாங்கிய இலவசப் புத்தகங்கள்

பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்பாமல் வீட்டிலேயே படிக்க வைக்கிறவர்கள், அதிலும் மூத்த பிள்ளைக்கு 13, 14 வயது ஆகிறவர்கள், இதைக் கொஞ்சம் பொறுமையாகப் படியுங்கள். போன வருடம் ஜூனில் நாங்கள் ஏமாந்த கதை இது. நிறுவனத்தின் பெயரை எழுதவில்லை. எழுத மாட்டோம் என்று கடைசியில் கையெழுத்துப் போட்டுத்தான் பணத்தில் பாதியை மீட்டோம். ஆனால் ஆட்களை அடையாளம் கண்டுகொள்ளப் போதுமான விவரம் இதில் இருக்கும்.

நாங்கள் கோவையில் வடவள்ளிப் பக்கம். மகள் இரண்டாம் வகுப்போடு பள்ளியை விட்டவள், மகன் பள்ளிக்கூட வாசலையே மிதிக்காதவன். சின்ன வயதில் பாடப்பொருள் பற்றி நாங்கள் மண்டையை உடைத்துக்கொண்டதே இல்லை. உக்கடம் பழைய புத்தகக் கடைகளில் எடை போட்டு வாங்காத குறையாக வாங்கி வருவோம், நூலகம் இருக்கிறது, தமிழ்நாட்டுப் பாடநூல்களும் என்சிஇஆர்டி புத்தகங்களும் பிடிஎஃப்பாகச் சும்மாவே கிடைக்கின்றன. புதிதாக வருகிறவர்களிடம் "காசு கொடுத்து எதுவும் வாங்காதீங்க" என்று ஊருக்கு உபதேசம் செய்துகொண்டிருந்தவள் நான். அதனால்தான் இதை எழுத இவ்வளவு நாள் ஆனது. வெட்கம்.

மகளுக்கு 14 முடிந்ததும் எல்லாம் மாறியது. ஒரு கல்யாண வீட்டில், பந்திக்கு உட்காரும் நேரத்தில், மாமியார் எல்லார் முன்னாலும் கேட்டார்: "ஏன் அம்மிணி, புள்ள பத்தாவது எழுதுமா, இல்ல இப்படியேதானா?" அவர் கேட்டதில் தப்பே இல்லை. எனக்கும் பதில் தெரியவில்லை என்பதுதான் உறுத்தியது. அன்று ராத்திரி ஃபோனில் தேடிக்கொண்டே இருந்தபோது "வீட்டுவழிக் கல்வி மாணவர்களுக்குப் பத்தாம் வகுப்பு, முழுப் பொறுப்பும் எங்களுடையது" என்று ஒரு விளம்பரம் வந்தது. படிவத்தை நிரப்பினேன். மறுநாள் காலை பத்து மணிக்கு முன்னாலேயே அழைப்பு வந்துவிட்டது.

சனிக்கிழமை ஒருவர் வீட்டுக்கு வந்தார். கல்வி ஆலோசகராம். மகளை உட்காரவைத்து 20 நிமிடத்தில் 25 கேள்விக்கு ஒரு தேர்வு வைத்தார். அவள் 11 சரியாகப் போட்டாள். மனிதர் பேனாவை மூடினார், தாளை ஒருமுறை மடித்தார், என்னைப் பார்க்காமல் நேராக மாமியார் பக்கம் திரும்பி, "பாப்பா ரெண்டு வருஷம் பின்தங்கியிருக்குதுங்க பாட்டி" என்றார். அந்தத் தாளை நான் பிறகு எடுத்துப் பார்த்தேன். இருபடிச் சமன்பாடு, முக்கோணவியல், வேதிச் சமன்பாட்டைச் சமன் செய்வது என்று பாதிக்கு மேல் பத்தாம் வகுப்புக் கேள்விகள். பத்தாம் வகுப்புப் பாடத்தைத் தொடங்கியே இராத பெண் அதில் 11 போட்டிருந்தாள். இது அன்றைக்கே தோன்றியிருக்க வேண்டும். தோன்றவில்லை.

அப்புறம் அவர் சொன்ன திட்டம்: என்ஐஓஎஸ், அதாவது தேசியத் திறந்தநிலைப் பள்ளி, அதில் மகளைப் பதிந்து கொடுப்பார்கள். 'பிரத்யேகமாகத் தயாரித்த' புத்தகங்கள், வீடியோ பாடங்களோடு ஒரு டேப்லெட், வாரம் ஒரு நேரலை வகுப்பு, ஒப்படைப்புகளை, அதாவது அசைன்மென்ட்களை, எழுதுவதும் அவர்கள் பொறுப்பு. ரூ.5,100 முன்பணம், பிறகு 18 மாதம் ரூ.2,950. கூட்டினால் ரூ.58,200. "கட்டணத்தைத் தவணையா கட்டுற மாதிரிதாங்க மேடம்" என்றார். பதிவுக்கு என்று சொல்லி என் ஃபோனுக்கு வந்த ஓடிபி மூன்றையும் வாங்கினார். ஒன்று ஆதாருக்கு, ஒன்று வங்கிக் கணக்கிலிருந்து தானாகப் பணம் எடுக்கும் அனுமதிக்கு. மூன்றாவது, நான் பெயரே கேள்விப்படாத ஒரு நிதி நிறுவனத்தின் கடன் ஒப்பந்தத்துக்கு. நான் கட்டணம் கட்டவில்லை, என் பெயரில் கடன் வாங்கி அவர்களிடம் மொத்தமாகக் கொடுத்துவிட்டேன். அது தெரிந்தது அக்டோபரில்.

பெட்டி பத்து நாளில் வந்தது. வழவழப்பான அட்டை, சுருள் கம்பி பைண்டிங், ஒவ்வொன்றிலும் மகளின் பெயர் அச்சடித்திருந்தது. அவளுக்கு அதில் ஒரே சந்தோஷம். மூன்றாம் நாள் கணக்குப் புத்தகத்தைத் தூக்கிக்கொண்டு அடுப்படிக்கு வந்தாள்.

"அம்மா, இந்த ஓரத்துல எதுக்கு இவ்வளவு இடம் விட்டிருக்காங்க?"

ஒவ்வொரு பக்கத்திலும் ஓரமாக அகலமான வெற்றுப் பட்டை, அதன் தலையில் 'நோட்ஸ்' என்ற சொல். என்ஐஓஎஸ் பாடப்புத்தகத்தைப் பார்த்தவர்களுக்கு அந்தப் பட்டை உடனே தெரியும். பக்கத்தின் அடியில் பாடத்தின் பெயர் இருக்க வேண்டிய இடம் வெள்ளையாக இருந்தது. வெளிச்சத்தில் சாய்த்துப் பிடித்தால், ஒட்டி மறைத்த காகிதத்தின் விளிம்பு மயிர்க்கோடு மாதிரி நகலில் விழுந்திருந்தது. ஃபோனில் என்ஐஓஎஸ் தளத்தைத் திறந்து, 211 என்ற குறியீட்டில் இருக்கும் கணக்குப் புத்தகத்தை இறக்கிப் பக்கத்தில் வைத்துப் பார்த்தோம். வரிக்கு வரி அதே. ஒரே வித்தியாசம், எங்களுடையதில் 61-ஆம் பக்கத்துக்கு அப்புறம் நேராக 78 வந்தது.

என்ஐஓஎஸ்ஸில் சேர்ந்தாலே அச்சுப் புத்தகங்களை அவர்களே தருகிறார்கள், அதன் விலை சேர்க்கைக் கட்டணத்திலேயே அடக்கம். அந்தக் கட்டணமும் சில ஆயிரம்தான். பிடிஎஃப் யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம். நானே நாலு பேருக்கு இதைச் சொல்லியிருக்கிறேன்!

ஆலோசகருக்கு ஃபோன் செய்தேன். "அது பேஸ் மெட்டீரியல் மேடம், வேல்யூ அடிஷன் எல்லாம் டேப்லெட்ல இருக்கு" என்றார். டேப்லெட்டில் இருந்தது யாரோ ஒருவர் அதே பக்கங்களைத் திரையில் வைத்து வாசிக்கும் வீடியோ. இணையம் இல்லாவிட்டால் அதுவும் ஓடாது. நேரலை வகுப்பு இரண்டு நடந்தது, பிறகு 'தொழில்நுட்பக் கோளாறு'. திருப்பித் தருகிறேன் என்றால், பெட்டியைப் பிரித்துவிட்டால் பணம் திரும்பாது என்று ரசீதின் பின்பக்கம் போட்டிருக்கிறதாம். போட்டுத்தான் இருந்தது.

இவ்வளவுக்கும் அப்புறமும் நான் சும்மா இருந்தேன். காரணம், பதிவு. அதை அவர்கள் ஒழுங்காகச் செய்திருந்தால் போதும், புத்தகத்தை நாம் பார்த்துக்கொள்ளலாம் என்று என் வீட்டுக்காரரும் நானும் பேசிக்கொண்டோம். 'விண்ணப்ப எண்' என்று ஏதோ ஒன்றை வாட்ஸ்அப்பில் அனுப்பியிருந்தார்கள். அது அவர்கள் தங்கள் அலுவலகக் கணக்குக்குப் போட்டுக்கொண்ட எண். என்ஐஓஎஸ்ஸில் விண்ணப்பித்தால் அவர்களே ஒரு ரெஃபரன்ஸ் எண் தருவார்கள், சேர்க்கை உறுதியானதும் பதிவு எண் வரும், இரண்டையும் தளத்தில் போட்டுச் சரிபார்க்கலாம். அக்டோபரில் நான் போட்டுப் பார்த்தேன். அப்படி ஒரு விண்ணப்பமே இல்லை. ஏப்ரல்–மே தேர்வுக்கான சேர்க்கைச் சுற்று அதற்குள் முடிந்திருந்தது.

ஒரு விதத்தில் அவர்கள் பதியாததே நல்லதாயிற்று. எழுந்த சண்டையில் அவர்கள் நிரப்பி வைத்திருந்த வரைவுப் படிவம் என் கைக்கு வந்தது. தேர்ந்தெடுத்திருந்த ஐந்து பாடங்கள்: இந்தி, ஆங்கிலம், மனையியல், ஓவியம், டேட்டா என்ட்ரி. "ஈஸியா பாஸ் ஆகுற காம்பினேஷன் மேடம்" என்றார் அலுவலகத்தில் ஒரு பெண். என் மகளுக்கு இந்தி எழுத்தே தெரியாது. தமிழும் அங்கே ஒரு பாடம்தான், குறியீடு 237. அவள் பதினொன்றில் உயிரியல் எடுக்க ஆசைப்படுகிறாள். கணக்கும் அறிவியலும் இல்லாத பத்தாம் வகுப்புச் சான்றிதழை எடுத்துக்கொண்டு எந்தப் பள்ளியின் அறிவியல் பிரிவுக்குப் போய் நிற்பது? மனையியலும் ஓவியமும் மட்டமான பாடம் என்று சொல்லவில்லை, அந்த வழியில் போகிற பிள்ளைக்கு அவை அருமையானவை. பிள்ளையை ஒரு வார்த்தை கேட்காமல் போட்டதுதான் வயிற்றெரிச்சல். ஒப்படைப்புகளையும் அவர்களே எழுதிக் கொடுப்பதாகச் சொன்னார்கள் இல்லையா, அதற்கு மதிப்பெண்ணில் 20 சதவீதம். பிள்ளை ஒரு எழுத்துகூட எழுதாமல் அந்த 20 சதவீதத்தை விலைக்கு வாங்கிக் கொடுக்க நான் சம்மதித்திருக்கிறேன் என்பதை இப்போது எழுதும்போதுகூடக் கூசுகிறது.

பணம் மீட்ட கதையைச் சுருக்கமாகச் சொல்கிறேன். முதலில் வங்கிக்குப் போய், தானாகப் பணம் எடுக்கும் அனுமதியை ரத்து செய்யக் கேட்டேன். கவுண்டரில் இருந்த தம்பி நல்லவர். "ரத்து பண்ணிடலாங்க, ஆனா கடன் அப்படியேதான் இருக்கும். தவணை தவறினா உங்க சிபில், அதாவது கடன் மதிப்பெண்தான், அடி வாங்கும்" என்று விளக்கினார். அதனால் வாயைக் கட்டி வயிற்றைக் கட்டித் தவணையைக் கட்டிக்கொண்டே சண்டை போட்டோம். டிஜிட்டல் கடன்களுக்கு ரிசர்வ் வங்கி 2022-இலேயே விதி போட்டிருக்கிறது: வட்டி, கட்டணம் எல்லாம் அடங்கிய விவரத்தாளை முன்னாலேயே தர வேண்டும், தொடக்கத்தில் சில நாட்களுக்குள் அசலையும் அதுவரைக்குமான வட்டியையும் கட்டி அபராதம் இல்லாமல் கடனிலிருந்து விலகவும் வழி வேண்டும். எங்கள் விவரத்தாள் மின்னஞ்சலில் குப்பைப் பெட்டியில் கிடந்தது. விலகும் நாட்கள் ஜூனிலேயே போயிருந்தன.

நுகர்வோர் உதவி எண் 1915-இல் புகார் பதிந்தேன். நிதி நிறுவனத்தின் குறைதீர்ப்பு அலுவலருக்கும் எழுதினேன். அவர்கள் 30 நாளில் பதில் சொல்லாவிட்டால் ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரிடம் போகலாம், அதையும் கடிதத்திலேயே குறிப்பிட்டேன். அசைத்தது எது என்று கேட்டால், அந்த ஒட்டுக் காகித விளிம்பின் படங்கள்தான் என்று நினைக்கிறேன். மூலப் பக்கத்தையும் எங்கள் பக்கத்தையும் அருகருகே வைத்து 14 படம் எடுத்து அனுப்பினாள் மகள். அதுவரை "மேலிடத்துல பேசுறோம்" என்று இழுத்தவர்கள் அந்த வாரமே கூப்பிட்டார்கள். ஜனவரியில் முடிந்தது. டேப்லெட்டைத் திருப்பிக் கொடுத்தோம், மீதி 11 தவணையை ரத்து செய்தார்கள். முன்பணமும் கட்டிய ஏழு தவணையும், மொத்தம் ரூ.25,750, போனது போனதுதான்.

மகளை நாங்களே பதிந்துவிட்டோம். மாலை நேரம், ஒரு மணி நேர வேலை. தமிழ், ஆங்கிலம், கணக்கு, அறிவியல், மனையியல். ஆமாம், மனையியலை அவளே கேட்டு எடுத்தாள். இந்த அக்டோபர்–நவம்பரில் எழுதுகிறாள், ஐந்தையும் ஒரே மூச்சில் எழுத வேண்டிய கட்டாயமும் இல்லை. சேர்ந்ததிலிருந்து ஐந்து வருடத்தில் ஒன்பது வாய்ப்பு உண்டு. இதையெல்லாம் எந்த ஆலோசகரும் எங்களுக்குச் சொல்லவில்லை, சொன்னால் அவசரம் போய்விடும். படிப்பதற்கு என்ஐஓஎஸ் புத்தகமே போதும் என்று பெருமைக்குச் சொல்ல மாட்டேன். கணக்கில் பயிற்சிக் கேள்விகள் குறைவாக இருக்கிறதென்று சமச்சீர் ஒன்பதாம், பத்தாம் வகுப்புப் புத்தகங்களை வைத்துப் போடுகிறாள். அறிவியலுக்கு என்சிஇஆர்டி. செய்முறைத் தேர்வும் உண்டு, அதற்கு மட்டும் தெரிந்த ஆசிரியை ஒருவரிடம் போய் வருகிறாள்.

கேம்பிரிட்ஜ் ஐஜிசிஎஸ்இ, அதாவது பத்தாம் வகுப்பு நிலையிலான பன்னாட்டுத் தேர்வு, யோசிக்கிறவர்களிடமும் இதே பெட்டி வியாபாரம் நடக்கிறது. தோழி ஒருத்திக்கு வேறு ஆட்கள், இதே பாணி. அங்கே தனித்தேர்வராக நேரடியாகப் பதிய முடியாது, அங்கீகாரம் பெற்ற மையம் வழியாகத்தான் பதிய வேண்டும். எந்த மையம் வெளிப்பிள்ளையை எடுத்துக்கொள்ளும், எந்தெந்தப் பாடத்துக்கு என்று எழுத்தில் கைக்கு வராமல் புத்தகத்துக்கு ஒரு ரூபாய்கூடச் செலவழிக்காதீர்கள். அந்தத் தோழி பழைய பாடத்திட்டத்துக்கான இயற்பியல் புத்தகத்தை வாங்கி வைத்திருக்கிறாள். 0625 என்ற பாடக் குறியீடு பொருந்துகிறது, தேர்வு ஆண்டு பொருந்தவில்லை.

இப்போதெல்லாம் எதை வாங்குவதானாலும் நான் ஒரு அத்தியாயத்தை மட்டும் கேட்டு வாங்கி, பிள்ளை கையில் கொடுத்து, ஒரு வாரம் வாயே திறக்காமல் இருக்கிறேன். அவளே உட்கார்ந்து படித்து, விடைகளைச் சரிபார்த்து, சந்தேகத்தோடு வந்தால் வாங்கலாம். மாதிரி அத்தியாயம் தர முடியாது, இன்றே முடிவெடுத்தால்தான் தள்ளுபடி என்கிறவர்களிடம் மறுபேச்சு கிடையாது. ஓடிபி கேட்டால் அதற்கு மேல் ஃபோனில்கூடப் பேச்சில்லை. 2021 டிசம்பரில் மத்தியக் கல்வி அமைச்சகமே, இணையவழிக் கல்வி நிறுவனங்களிடம் தானாகப் பணம் எடுக்கும் அனுமதியைக் கொடுக்காதீர்கள் என்று பெற்றோருக்கு எச்சரிக்கை விட்டிருந்தது. எனக்கு அது தெரிந்தது 1915-இல் பேசிய அம்மா சொல்லித்தான்.

பெட்டிப் புத்தகங்கள் இன்னும் வீட்டில்தான் இருக்கின்றன. பின்பக்கம் வெறுமையாக இருப்பதால் மகன் அதில் ரயில் வரைந்து தள்ளுகிறான். உங்கள் வீட்டுக்கும் இப்படி ஒரு பெட்டி வந்திருந்தால், பிரித்துவிட்டோமே என்று கவலைப்படாமல் முதலில் கணக்குப் புத்தகத்தை எடுங்கள். 61-க்கு அப்புறம் 78 வருகிறதா என்று மட்டும் பார்த்துச் சொல்லுங்கள்.