தாத்தாவின் பட்டறைக்கல்: வெல்டிங் வைக்கலாமா?

திருப்பாச்சேத்தியில் இருந்து பங்காளி ஒருவன் போன் செய்தான். "அண்ணே, அப்பா விட்டுப்போன பட்டறைக்கல் ஓரம் உடஞ்சு கெடக்கு, வெல்டிங் வச்சிரலாமா?" எரிச்சலில் பாதியைத்தான் சொன்னேன். மீதி இங்கே.

திருமங்கலத்தில் எங்கள் கொல்லுப்பட்டறையில் இருப்பது தாத்தா வாங்கிய சீமைக்கல். பேர்தான் கல், காய்ந்த இரும்பை வைத்து அடிக்கிற இரும்புக் கட்டை அது. இடுப்பில் 1 1 10 என்று வெட்டியிருக்கும். சின்ன வயதில் அதை விலை என்றே நினைத்திருந்தேன். எடைதான் அது. முதல் எண்ணுக்கு 112 பவுண்டு, அடுத்ததற்கு 28, கடைசி வெறும் பவுண்டு. மொத்தம் 150, அதாவது 68 கிலோ. பழைய இரும்புக் கடையில் நிறுத்தால் 66. தராசைச் சந்தேகப்படுவதா, மூன்று தலைமுறைச் சம்மட்டியையா?

18 வருடமாக எனக்கு இதில்தான் சோறு. கதிரரிவாள், மண்வெட்டி, லாரி வில் பட்டையில் அடிக்கிற அரிவாள் எல்லாம் இதன் மேல்தான். பேரிங் குண்டை ஓர் அடி உயரத்தில் இருந்து விட்டால் 9 அங்குலம் துள்ளும். சுத்தியல் தானாக மேலே வந்துவிடும், சாயங்காலம் தோள் வலிக்காது.

ஆனால் அந்த ஓரம்! தாத்தா காலத்தில் ஒரு விரல் அகலம்தான் உடைந்திருந்தது. அப்பா அதைச் சரிசெய்கிறேன் என்று கேட் செய்கிற வெல்டர் ஒருவரிடம் கொடுத்தார். கல்லைச் சூடே பண்ணாமல், கேட்டுக்கு வைக்கிற 6013 ராடையே இழுத்துவிட்டு, கிரைண்டர் போட்டு மினுக்கிக் கொடுத்தார் மனுஷன். ஆடி முடிவதற்குள் பொக்கென்று பெயர்ந்தது, கூடவே நன்றாக இருந்த மேல்முகத்திலும் மூன்று விரல் போனது. கல்லின் மேலே இருப்பது கடினமான எஃகுத் தகடு. குளிர்ந்த கல் வெல்டிங் சூட்டைச் சட்டென்று உறிஞ்சிக்கொள்ளும். ஒட்டுக்கு அடியில் எஃகு கண்ணாடி மாதிரி ஆகி விரிசல் விடும். ஒட்டிக்கொண்டு நிற்கிற மிச்ச வெல்டிங்கோ வெறும் மெத்தை, குண்டு 3 அங்குலம்கூட எழும்பாது. சிவக்கக் காய்ந்த பட்டையை மறந்துபோய் அங்கே வைத்தால் பிறை மாதிரி ஒரு தழும்பு விழும். அரம் போட்டு எடுக்கக் கால் மணி நேரம்.

முறையாகச் செய்வதென்றால் முழுக்கல்லையும் 200 டிகிரி பக்கம் காய்ச்சி, ஈரமில்லாத 7018 ராடு வைத்து, மேலே கடினப்பூச்சு ராடு இழுத்து, சாம்பலில் புதைத்து மெதுவாக ஆறவிட வேண்டும். சூடு ரொம்ப ஏறினால் முகத்தின் பதம் இறங்கிவிடும். மில்லிங் போட்டு மேலே சீவி மட்டம் பண்ணலாம் என்று லேத்காரர் சொல்வார், கேட்காதே. அந்தத் தகடு அரை அங்குலம் இருந்தாலே பெரிது.

அப்புறம், கூரான ஓரம் வேலைக்கே ஆகாது. வளைக்கிற இடத்தில் இரும்பு வெட்டுப்படும். லேசாக உருண்ட ஓரம்தான் நல்லது. அதனால் தம்பி, வெல்டிங் வேண்டாம். மறுபக்க ஓரம் நன்றாக இருந்தால் கல்லைத் திருப்பிப் போட்டுக்கொள். நானும் போட்டுப் பார்த்தேன், கல்லின் கூம்பு மூக்கு முழங்காலில் இடிக்கிறது. பழையபடி திருப்பிவிட்டேன்.

நேற்று மட்டும் நாலு அரிவாளில் தழும்பு. கோபத்தில் 7018 ஒரு பாக்கெட் வாங்கி வந்துவிட்டேன். கல்லைக் காய்ச்ச மூலையில் செங்கல்லும் அடுக்கியாகிவிட்டது. அப்பாவிடம் இன்னும் சொல்லவில்லை.