மைசூர் – முதுமலை – ஊட்டி மலைப்பயணம்: முன்பணம் கொடுக்கும் முன் இதைப் படித்துவிடுங்கள்

மைசூரில் தொடங்கி பந்திப்பூர், முதுமலை, மசினகுடி, ஊட்டி, குன்னூர், கோத்தகிரி என்று காடும் மலையுமாகச் சுற்றிக் கோயம்புத்தூரில் இறங்கும் பயணத்துக்கு யாரிடமாவது பேக்கேஜ் கேட்டிருக்கிறீர்களா? பணம் அனுப்புவதற்கு முன் பத்து நிமிடம் ஒதுக்கி இதைப் படியுங்கள். சென்னையில் ஒரு டிராவல்ஸ் அலுவலகம் எங்கள் குடும்பத்திடம் 68,000 ரூபாயை முழுவதும் முன்கூட்டியே வாங்கிக்கொண்டு எங்களை எப்படி நடுவழியில் நிறுத்தியது என்பதை ஒன்றுவிடாமல் எழுதுகிறேன். வழக்கு நடப்பதால் அலுவலகத்தின் பெயரை எழுதவில்லை. அவர்கள் வேலை செய்யும் விதத்தைச் சொன்னாலே உங்களுக்கு அடையாளம் தெரிந்துவிடும்.

அவர்கள் அனுப்பிய பயணத்திட்டம் அழகான வண்ணத்தாள். முதல் நாள் ஞாயிற்றுக்கிழமை. மாலை ஏழு மணிக்கு மைசூர் அரண்மனை விளக்கலங்காரம், அதன்பின் இரவு உணவு, அதன்பின் "பந்திப்பூர் காட்டு வழியே இரவுப் பயணம், மசினகுடியில் தங்கல்" என்று அச்சிட்டிருந்தார்கள். அரண்மனை விளக்கு ஞாயிற்றுக்கிழமைகளிலும் அரசு விடுமுறை நாட்களிலும் மாலை ஏழு மணிக்கு எரிவது உண்மை. அம்மா பல வருடங்களாகப் பார்க்க ஆசைப்பட்ட காட்சி அது. ஆனால் பந்திப்பூர் காட்டுக்குள் போகும் நெடுஞ்சாலை இரவு ஒன்பது மணிக்கு மூடப்பட்டு காலை ஆறு மணிக்குத்தான் திறக்கப்படும். இது 2009 முதல் நடைமுறையில் இருக்கிறது. இரவில் வண்டிகளில் அடிபட்டு மானும் மற்ற விலங்குகளும் செத்துக்கொண்டிருந்ததால் கொண்டுவந்த தடை. ஆம்புலன்ஸ் போன்ற அவசர வண்டிகளுக்கும் ஒருசில அரசு பஸ்களுக்கும் மட்டுமே விலக்கு.

மைசூரிலிருந்து நஞ்சன்கூடு, குண்டலுபேட்டை வழியாகச் சோதனைச்சாவடிக்கு எப்படிப் பார்த்தாலும் ஒன்றரை மணி நேரத்துக்கு மேல் ஆகும். விளக்கலங்காரம் முடிந்து, அரண்மனை வாசல் நெரிசலிலிருந்து வெளியே வந்து, சாப்பிட்டுவிட்டு ஒன்பது மணிக்குள் அங்கே போய்ச் சேரவே முடியாது. அதாவது அந்தத் தாளில் எழுதியிருந்த முதல் நாள் பயணம் யாராலும் செய்ய முடியாத ஒன்று. வருடம் முழுவதும் இந்த வழியில் வண்டி அனுப்புகிறவர்களுக்கு இது தெரியாமல் இருக்காது. கதவு மூடிய பிறகு போய் நின்றோம். வனத்துறைக் காவலர் மரியாதையாகவே, "அம்மா, யார் கேட்டாலும் திறக்க முடியாது, குண்டலுபேட்டைக்குத் திரும்பிவிடுங்கள்" என்றார். எழுபது வயதைத் தாண்டிய அப்பாவையும் தூங்கி விழுந்த தம்பி மகளையும் வைத்துக்கொண்டு நள்ளிரவு நெருங்கும் நேரத்தில் குண்டலுபேட்டையில் லாட்ஜ் தேடினோம். டிராவல்ஸ்காரரின் எண் மணி அடித்துக்கொண்டே இருந்தது, எடுக்கவில்லை. அறை வாடகை எங்கள் பணம். மசினகுடி அறைக்குக் கொடுத்த பணமும் போனது.

வண்டி விஷயம் இதைவிட ஆபத்தானது. "டூரிஸ்ட் பெர்மிட் உள்ள இன்னோவா" என்று சொல்லியிருந்தார்கள். வந்தது வெள்ளை போர்டு வண்டி. நம் நாட்டில் வாடகைக்கு ஓடும் டாக்ஸிக்கு மஞ்சள் பலகையில் கறுப்பு எழுத்து இருக்க வேண்டும். வெள்ளைப் பலகையில் கறுப்பு எழுத்து என்றால் சொந்த உபயோகத்துக்குப் பதிவானது. நாமே ஓட்டிக்கொள்ள வாடகைக்குத் தரும் வண்டிக்குக் கறுப்புப் பலகையில் மஞ்சள் எழுத்து. வெள்ளை போர்டை வாடகைக்கு ஓட்டுவது சட்டப்படி தவறு என்பதோடு பிரச்சினை முடிவதில்லை. மலையில் ஏதாவது நடந்துவிட்டால், வாடகைக்கு ஓட்டியதைக் காட்டியே இன்சூரன்ஸ் நிறுவனம் இழப்பீட்டை மறுக்க முடியும். குடும்பத்தோடு கொண்டை ஊசி வளைவுகளில் ஏறப்போகிறவர்கள் கட்டாயம் யோசிக்க வேண்டிய செய்தி இது.

காலை ஆறு மணிக்குக் காட்டு வழி திறந்ததும் கிளம்பினோம். மாநில எல்லையான கக்கநல்லாவுக்குச் சற்று முன்னால் ஓட்டுநர் வண்டியின் வேகத்தைக் குறைத்தார். "சார், கேட்டால் சொந்தக்காரர்கள் என்று சொல்லிவிடுங்கள்" என்றார். அப்பா வாழ்நாள் முழுவதும் அரசு வேலையில் இருந்தவர். "பொய் சொல்ல மாட்டேன் தம்பி, நீ வேண்டுமானால் என்னை இங்கேயே இறக்கிவிடு" என்றார். சோதனைச்சாவடியில் கேட்டார்கள். அப்பா உள்ளதைச் சொன்னார். அபராதம் போட்டார்கள், நேரமும் போனது. அந்தப் பையன் மீது எனக்குக் கோபம் இல்லை. அவன் மைசூரில் நாள் கூலிக்கு ஓட்டுகிறவன், அபராதத்தைத் தன் கைப்பணத்திலிருந்து கட்டினான். டீசலுக்கும் அவனுக்குப் பணம் அனுப்பவில்லை என்பது பிறகுதான் தெரிந்தது.

அவர்கள் கொடுத்த 'வரவேற்புப் பை'யில் இருந்த பிளாஸ்டிக் தண்ணீர் பாட்டில்களையும் சோதனைச்சாவடியில் எடுத்துக்கொண்டார்கள். நீலகிரி மாவட்டத்தில் அவற்றுக்குத் தடை இருக்கிறது. எடுத்தது முற்றிலும் சரி. வீட்டிலிருந்தே எவர்சில்வர் பாட்டில் கொண்டுபோங்கள்.

அடுத்தது இ-பாஸ். 2024 மே 7 முதல் நீலகிரிக்கும் கொடைக்கானலுக்கும் போகும் வெளியூர் வண்டிகளுக்குச் சென்னை உயர் நீதிமன்றம் இதைக் கட்டாயமாக்கியது. 2025 கோடைக்கு நீலகிரியில் வேலை நாட்களில் 6,000 வண்டி, வார இறுதியில் 8,000 வண்டி என்று வரம்பும் வைத்தது. இந்தப் பாஸுக்குக் கட்டணமே கிடையாது. அரசு இணையதளத்தில் தொலைபேசி எண், வண்டி எண், எத்தனை பேர், எங்கே தங்குகிறோம், எந்தத் தேதிகள் என்று நிரப்பினால் நம் கைப்பேசிக்கே வந்துவிடும். எங்கள் ரசீதில் "இ-பாஸ் சேவை" என்று 1,500 ரூபாய் போட்டிருந்தார்கள். மசினகுடியில் காட்டியபோது அது வேறொரு வண்டியின் எண்ணுக்கு எடுத்த பாஸ் என்று தெரிந்தது. சாலையோரம் நின்றபடியே தம்பி மனைவி தன் கைப்பேசியில் விண்ணப்பித்தாள். கால் மணி நேரத்தில் புதிய பாஸ் வந்தது, ஒரு பைசா செலவில்லை.

மசினகுடியில் நடந்ததைச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும், ஏனென்றால் அங்கே ஏமாறுகிறவர்கள் மனிதர்கள் மட்டும் இல்லை. திட்டத்தில் "வனத்துறை சஃபாரி, நபருக்கு 1,200" என்று இருந்தது. முதுமலையில் சுற்றுலாப் பயணிகளைக் காட்டுக்குள் அழைத்துப்போகும் அதிகாரம் வனத்துறைக்குத்தான். தெப்பக்காட்டில் உள்ள அவர்களுடைய வரவேற்பு மையத்தில் டிக்கெட் வாங்கி, அவர்கள் ஏற்பாடு செய்யும் வண்டியில் போக வேண்டும். எங்களை அழைக்க வந்ததோ கதவில்லாத பழைய ஜீப். டிக்கெட் கேட்டேன், இல்லை. ரசீது கேட்டேன், இல்லை. "ராத்திரி வாருங்கள் அம்மா, லைட் அடித்து யானை காட்டுகிறேன், கொஞ்சம் சேர்த்துக் கொடுத்தால் போதும்" என்றார் ஜீப்காரர்.

இரவில் விளக்கடித்து யானையை விரட்டிப் பார்ப்பது வன உயிரினப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம். மிரண்ட யானை மறுநாள் யாருடைய தோட்டத்துக்குள், யாருடைய வீட்டு வாசலில் நிற்கும் என்பதை அந்த ஊர்க்காரர்களைக் கேளுங்கள். சீகூர் பீடபூமி முழுவதும் யானைகள் மேற்குத் தொடர்ச்சி மலைக்கும் கிழக்குத் தொடர்ச்சி மலைக்கும் இடையே போய்வரும் பாதை. இந்த வழித்தடத்தில் கட்டிய விடுதிகளுக்கு 2018-இல் உச்ச நீதிமன்ற உத்தரவின்படி சீல் வைத்தார்கள். 2020 அக்டோபரில், இதை யானை வழித்தடமாக அறிவித்த தமிழக அரசின் உத்தரவு செல்லும் என்று அதே நீதிமன்றம் தீர்ப்பளித்தது. இவ்வளவு நடந்த இடத்தில் எங்களுக்கு ஒதுக்கிய தங்குமிடம் எப்படி இருந்தது தெரியுமா? திட்டத்தாளில் "ரிசார்ட் அல்லது அதற்கு இணையான விடுதி" என்று மட்டும் இருந்தது, பெயர் இல்லை. பொக்காபுரம் பக்கம் ஒரு சந்துக்குள், பெயர்ப்பலகையே இல்லாத வீட்டின் முன் கொண்டுபோய் நிறுத்தினார்கள். பதிவேடு கிடையாது, அடையாள அட்டை கேட்கவில்லை. "இரவில் வெளி விளக்கு போடாதீர்கள், ஃபாரஸ்ட்காரர்கள் வந்தால் தொந்தரவு" என்றார் அங்கிருந்தவர். அங்கே நாங்கள் பெட்டியை இறக்கவே இல்லை. ஜீப்பிலும் ஏறவில்லை. தெப்பக்காட்டுக்குத் திரும்பி வனத்துறை கவுண்டரில் எங்கள் பணத்தில் டிக்கெட் எடுத்துப் போனோம். காட்டெருமைக் கூட்டம், புள்ளிமான்கள், தூரத்தில் குட்டியோடு ஒரு யானை. குழந்தைக்கு அது போதும்.

அன்று மாலையே கல்லட்டி வழியாக ஊட்டிக்கு ஏறினோம். 36 கொண்டை ஊசி வளைவுகள், நெஞ்சை அடைக்கும் ஏற்றம். ஏறுவதற்கு விடுகிறார்கள். ஊட்டியிலிருந்து அதே வழியில் இறங்க வெளியூர் வண்டிகளுக்கு அனுமதி இல்லை, அவ்வளவு விபத்துகள் நடந்திருக்கின்றன. கூடலூர் வழிதான் இறங்க வேண்டும். உங்கள் பயணத்திட்டத்தில் "ஊட்டி – கல்லட்டி – மசினகுடி" என்று இறக்கத்தில் போட்டிருந்தால், அதை எழுதியவருக்கு வழி தெரியாது அல்லது உங்களைப் பற்றிக் கவலை இல்லை.

ஊட்டி விடுதியில் எங்கள் பெயர் இருந்தது, பணம் இல்லை. தொலைபேசியில் அறையைப் பிடித்துவைத்துவிட்டு டிராவல்ஸ்காரர் ஒரு ரூபாயும் செலுத்தவில்லை. மேலாளர் நல்லவர், பழைய வாடகைக்கே அறை கொடுத்தார். மைசூர் ஓட்டுநர் பையனையும் அங்கிருந்தே ஊருக்கு அனுப்பிவைத்தோம், டீசல் காசு கொடுத்து.

மலை ரயில் கதையைக் கேளுங்கள், இதுதான் கைதேர்ந்த மோசடி. 1908 முதல் ஊட்டி வரை ஓடும் அந்த ரயில் 2005-இல் யுனெஸ்கோ பாரம்பரியச் சின்னமானது. இடம் குறைவு, ஆட்கள் அதிகம், டிக்கெட் கிடைப்பது எப்போதும் கடினம். டிராவல்ஸ்காரர் எங்களுக்கு பிஎன்ஆர் எண்ணோடு டிக்கெட் படம் அனுப்பி, "கன்ஃபர்ம் ஆகிவிடும்" என்றார். உண்மையில் எல்லோரும் காத்திருப்போர் பட்டியலில் இருந்தோம். இணையத்தில் எடுத்த டிக்கெட், ரயில் கிளம்பும் முன் பயணிகளின் இறுதிப் பட்டியல் தயாராகும்வரை உறுதியாகாவிட்டால் தானாகவே ரத்தாகிவிடும், பணம் எந்தக் கணக்கிலிருந்து எடுக்கப்பட்டதோ அந்தக் கணக்குக்கே திரும்பும். அதாவது டிராவல்ஸ்காரர் கணக்குக்கு. நாங்கள் கொடுத்த பணம் அவரிடமே தங்கும், நமக்கு ரயிலும் கிடையாது, பணமும் கிடையாது. ரயிலுக்கென்று யாராவது உங்களிடம் பணம் வாங்கினால், அந்தப் பிஎன்ஆர் எண்ணை ரயில்வே தளத்தில் நீங்களே போட்டுப் பாருங்கள். முடிந்தால் உங்கள் கணக்கிலிருந்தே எடுங்கள்.

மீதிப் பயணத்தை ஊட்டி டாக்ஸி ஸ்டாண்டில் மஞ்சள் போர்டு வண்டி பிடித்து முடித்தோம். அந்த அண்ணன் வாடகையை முதலிலேயே தாளில் எழுதிக் கொடுத்தார். கோடை சீசனில் மேட்டுப்பாளையத்திலிருந்து குன்னூர் வழியே ஏறுவதும் கோத்தகிரி வழியே இறங்குவதுமாகப் போலீஸார் ஒருவழிப்பாதை ஆக்குவார்கள் என்பதையும் அவர்தான் சொன்னார். கோடநாடு காட்சிமுனையில் நிறுத்தினார். கீழே மாயாற்றுப் பள்ளத்தாக்கு, தூரத்தில் பவானிசாகர் நீர்ப்பரப்பு. அம்மா முதல்முறையாகச் சிரித்தார்.

ஊருக்கு வந்ததும் டிராவல்ஸ்காரர் என் எண்ணைத் தடை செய்துவிட்டார். தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-இல் புகார் பதிந்தேன். சில வாரங்களில் ஊட்டி அறை வாடகை மட்டும் திரும்பி வந்தது, ஒரு வார்த்தை விளக்கம் இல்லாமல். மீதிக்கு மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் வழக்குப் போட்டிருக்கிறேன். 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி நாம் குடியிருக்கும் மாவட்டத்திலேயே போடலாம், கொடுத்த தொகை ஐந்து லட்சத்துக்குள் இருந்தால் கட்டணம் இல்லை, இரண்டு வருடத்துக்குள் போட வேண்டும். வண்ணத்தாள், ரசீது, வாட்ஸ்அப் உரையாடல், யுபிஐ விவரம், குண்டலுபேட்டை லாட்ஜ் பில் எல்லாவற்றையும் சேர்த்திருக்கிறேன். நீங்களும் எதையும் அழிக்காதீர்கள். பணம் போட்ட உடனேயே ஆள் காணாமல் போனால் தாமதிக்காமல் இணைய மோசடிக்கான தேசிய உதவி எண் 1930-க்கு அழையுங்கள்.

இதை இப்போது எழுதுவதற்குக் காரணம், அதே புகைப்படங்களோடும் அதே 'வரவேற்புப் பை'யோடும் வேறு பெயரில் கொடைக்கானல் பேக்கேஜ் விளம்பரம் வரத் தொடங்கியிருக்கிறது. அதிலும் "இ-பாஸ் சேவை" என்று ஒரு வரி இருக்கிறது, விடுதிக்குப் பெயர் இல்லை, முழுப் பணமும் முன்னதாகக் கேட்கிறார்கள். அனுப்பிவிட்டவர்கள் இருந்தால், விடுதியின் பெயரைக் கேட்டு வாங்கி இன்றே அந்த விடுதிக்கு நேரடியாகப் பேசி, உங்கள் பெயரில் பணம் செலுத்தப்பட்டிருக்கிறதா என்று கேளுங்கள். வண்டி எண்ணையும் வாங்கி, அரசின் பரிவாகன் தளத்தில் அது வாடகை வண்டிதானா என்று பாருங்கள்.